ஐம்பத்தொன்பது

பர்பேங்கில், ஒரு பல் மருத்துவமனையின் மேல்மாடியில்
எட்டரைக்கு வந்து உட்காருகிறாள் வின்னெட் ஹாலரன்.
வேலை இவ்வளவுதான்:
விமர்சனத்தைப் படி, பச்சையா சிவப்பா சொல்,
அடுத்ததை எடு.

கீழே பல் துளைக்கும் சத்தம்.
யாரோ இரவெல்லாம் விழித்து எழுதிய எண்ணூறு சொற்கள்
இவள் விரலடியில் ஒரு சொடுக்கு.

பெரும்பாலும் சிரமமில்லை.
இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை: பச்சை.
இரண்டு மணி நேரம் போகவே இல்லை: சிவப்பு.

இன்று துலூத்திலிருந்து ஒன்று வந்திருக்கிறது.
பனிக்காலத்தில் எட்டுப் பக்கமாகச் சுருங்கிவிடும் வாரப் பத்திரிகை.
எழுதியவர் ஓரின் ஹெக்லண்ட்.
படத்தில், உறைந்த ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்ப்
பேசாமலே திரும்புகிறார்கள் இரண்டு சகோதரிகள்.

"நடுப்பகுதி சுத்த அறுவை.
இசை, பக்கத்து வீட்டுப் பையன் பியானோ பழகுவதுபோல.
தங்கை பனிக்கட்டியில் துளை போடும்போது
அக்கா தன் கையுறையைக் கழற்றி நீட்டுகிறாள்.
தங்கை வாங்கவில்லை.
அந்தக் கையுறைக்காக மறுநாளும் போனேன்.
சீட்டுக்காசு வீண். இரண்டு முறையும்."

நட்சத்திரம் போடவில்லை மனிதர்.

இதுவரை எழுபத்துநான்கு பேர், அதில் நாற்பத்துநான்கு பச்சை.
திரையில் ஐம்பத்தொன்பது என்று நிற்கிறது.
இவர் பச்சை என்றால் அறுபது;
அறுபதைத் தொட்டால் படத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் இலை முளைக்கும்,
இலை முளைத்தால் இன்னொரு வாரம் ஓடும்.

சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேள் என்பது விதி.
கேட்டாள்.
மறுமுனையில் மண்வெட்டி பனியை வழிக்கும் ஓசை.

"உங்களுக்குப் பிடித்ததா?"
"எது?"
"படம்தான்."
"அது என் முதல் மனைவியைப் பற்றிக் கேட்பதுபோல இருக்கிறது."
"ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது, மிஸ்டர் ஹெக்லண்ட்."
"அப்படியானால் என்னை விட்டுவிடுங்கள்."

விட்டாலும் ஐம்பத்தொன்பதுதான்.
விடுவதும் ஒரு வாக்கு.

போன வாரம் தொண்ணூற்றேழு வாங்கிய படம் ஒன்று.
அத்தனை விமர்சனமும் இவள் கையால் போனவை.
ஒருவரும் அதை நேசிக்கவில்லை.
பரவாயில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை,
குழந்தைகளோடு போகலாம்...
பரவாயில்லைகள் வரிசையில் நின்றால் தொண்ணூற்றேழு.
பொய் என்று சொல்ல முடியாது.
ஆனால் அந்த எண்ணை யாருமே சொல்லவில்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம் நாம்.
இங்கே பானைக்கு ஒரு பருக்கையாகப் பொறுக்கி
எழுபத்தாறாவது பானையில் போட்டு மூடி
வெந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்களில் இவளும் உண்டு, மறைப்பானேன்.
வெள்ளி இரவு, கால் வலி, சீட்டு பதினெட்டு டாலர்.
எண்ணூறு சொற்களை அப்போது யார் படிப்பது?
எண்ணைத்தான் பார்ப்பாள்.
எழுபத்தைந்துக்குக் கீழே என்றால் வீட்டிலேயே பீட்சா.

மூன்று முறை படித்தாள்.
பச்சையை அழுத்தினாள்.
அழுத்தியபின்தான் தோன்றியது:
கையுறை பிடித்தது அவருக்கா,
கையுறையைப் பற்றி அவர் எழுதியது எனக்கா?

இலை முளைத்தது.
அந்த இலையை நம்பி வந்தவர்கள், இவளோடு சேர்த்து, ஒன்பது பேர்,
சனிக்கிழமை மதியக் காட்சிக்கு.

கையுறை வந்தது, போனது.
ஒன்றும் ஆகவில்லை அவளுக்கு.
அதற்கு முன்பே,
தங்கை குனிந்து துளைக்கத் தொடங்கியபோதே,
அந்தச் சத்தத்தில் நான்கு வருட மேல்மாடி முழுக்க ஏறி வந்து
கடைவாயில் உட்கார்ந்துகொண்டது.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்,
ஏனென்று தெரியாமல்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார்.
சிவப்பு, என்றது பழகிய விரல்.
சற்று நேரத்தில் அவர் திரும்பி வந்தார்,
கையில் பாப்கார்ன்,
உட்காராமல்
நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.